அரை லிட்டர் தண்ணி

எங்கண்ணனுக்கு ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணிதான். டீ, கஞ்சி, ரசம், மாத்திரை முழுங்குகிற மடக்கு எல்லாம் அதற்குள் அடக்கம். காலையில் எழுந்ததும் அண்ணி ஒரு பழைய அரை லிட்டர் பாட்டிலில் தண்ணி பிடித்து மாடத்தில் வைத்துவிடுவார். அண்ணன் டீ குடித்தால் அந்த அளவுக்குப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவார். பொழுது சாயும்போது பாட்டிலில் இரண்டு விரற்கடை மிச்சமிருந்தால் அன்றைக்கு வீட்டில் சண்டையில்லை.

சித்திரை வெயிலில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்போது வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொள்வார். அவர் கொப்பளிக்கும்போது அண்ணி பக்கத்திலேயே நின்று தொண்டைக்குழியைப் பார்த்துக்கொண்டிருப்பார், முழுங்குகிறாரா என்று. நாற்பத்தாறு வயசு ஆம்பளையை இப்படிக் காவல் காக்க வேண்டியிருக்கிறது. அண்ணன் சிரிப்பார். "இன்னாடா தம்பி, அப்பவும் அளந்துதான் ஊத்துனாங்க, இப்பவும் அளந்துதான் ஊத்துறாங்க" என்பார்.

அவர் சொல்வது விளையாட்டுப் பேச்சில்லை. 1994இல் எனக்கு ஆறு வயசு, அவருக்குப் பதினஞ்சு. எட்டாவதோடு நிறுத்திவிட்டு அம்மாவுடன் கரும்பு வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். திண்டிவனத்துக்கு மேற்கே எங்கள் பக்கம் அப்போது கரும்புதான். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் போவேன். வெட்டுகிற நிலத்துக்குப் பக்கத்திலேயே பம்புசெட்டு, தொட்டி நிறையத் தண்ணி தளும்பிக்கொண்டிருக்கும். அதில் நாங்கள் கை வைக்கக்கூடாது. நிலத்துக்காரர் வீட்டம்மா குடத்தோடு வரப்பில் வந்து நிற்கும். நாங்கள் குனிந்து இரண்டு கையையும் குவித்து வாயில் வைத்துக்கொள்ள, அந்தம்மா மேலே இருந்து ஊற்றும். பாதி முழங்கை வழியாக ஓடிவிடும். ஆளுக்கு இரண்டு கை. "போதும், நகரு." எங்கள் ஆயா காலத்தில் கொட்டாங்குச்சியில் ஊற்றினார்களாம். எங்கள் காலத்தில் கொட்டாங்குச்சி போய்க் கை வந்திருந்தது. முன்னேற்றம்தான். பிறகு டீக்கடைகளில் தூக்கிப்போடுகிற பிளாஸ்டிக் கப் வந்தபோது இரட்டை டம்ளர் ஒழிந்தது என்று சிலர் எழுதினார்கள். எங்களுக்கு மட்டும் கப், அவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். அதையும் ஒழிப்பு என்றே கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

இப்படிக் குனிய அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. அதனால் தண்ணி கேட்பதையே விட்டுவிட்டார். விடியற்காலை ஆறு மணிக்குக் கத்தி பிடித்தால் மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் ஒரு வாய் கிடையாது. கூலி டன் கணக்கில், நின்றால் நஷ்டம். பெண்கள் குடிக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. "தண்ணி குடிச்சா ஒதுங்கணும், ஒதுங்க மறைவு ஏது? ஒதுங்குனா மேஸ்திரி கத்துவான்" என்று அம்மா சொல்லும். ராத்திரி உடம்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை. கேட்டால் கொடுப்பான், சீட்டெல்லாம் வேண்டியதில்லை. அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்து, மறுபடி விடிந்தால் கத்தி. இப்படி இருபத்தேழு வருஷம். இந்த உழைப்பில்தான் நான் பி.ஏ.வும் எம்.ஏ.வும் படித்தேன். தமிழ் படித்தேன்.

2022 ஆடியில் அவருக்குக் கால் வீங்கியது. வாந்தி, உடம்பெல்லாம் அரிப்பு, சோற்றைக் கண்டாலே குமட்டல். காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் எடுத்துப் பார்த்து, அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். இரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஒன்று, ஒன்றேகாலுக்குள் இருக்க வேண்டியது, அவருக்குப் பதினொன்றைத் தாண்டியிருந்தது.

"ரெண்டு சிறுநீரகமும் சுருங்கிப்போச்சும்மா" என்றார் டாக்டர். அம்மாவுக்குப் புரியவில்லை. நான்தான், "கிட்னிம்மா, இடுப்புப் பக்கம் ரெண்டு இருக்குமே" என்றேன். "குண்டிக்காயா?" என்றது அம்மா. டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டர்களும் சிரித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். அது கெட்ட வார்த்தை என்று நினைத்திருப்பார்கள். ஆனால் அகராதியில் இருக்கிற நல்ல தமிழ்ச்சொல் அது. எங்கள் தெருவில் மாடு அறுத்துக் கூறு போடுகிறவர்களுக்கு ஈரல் எது, குண்டிக்காய் எது என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எம்.ஏ. தமிழ் படித்த நான் அந்த இடத்தில் வாயைத் திறக்கவில்லை. அம்மாவை மெதுவாக வெளியே கூட்டி வந்தேன். சீட்டில் காரணம் என்ற இடத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். சர்க்கரை இல்லை, கல் இல்லை, பிரஷர் பிறகு வந்தது.

காரணம் தெரியவில்லை என்ற இந்த வியாதி எங்கண்ணனுக்கு மட்டும் வந்ததல்ல என்பதைப் பின்னால் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். நடு அமெரிக்காவில் நிகராகுவா நாட்டில் சிச்சிகால்பா என்று ஒரு ஊர். கரும்பு வெட்டுகிறவர்களின் ஊர். அங்கே ஒரு குடியிருப்புக்கு விதவைகள் தீவு என்றே பெயர் வந்துவிட்டது. சர்க்கரையும் இல்லாமல் பிரஷரும் இல்லாமல் கிட்னி போய் ஆண்கள் அத்தனை பேர் செத்திருக்கிறார்கள். ஆந்திராவில் உத்தானம் பகுதியிலும், இலங்கையில் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து நெல் விவசாயிகளிடமும் இதே கதை. தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடமும் வெயிலுக்கும் கிட்னிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆய்வு செய்திருக்கிறார்கள். வெயிலா, குடிக்கிற தண்ணியில் உள்ளதா, பூச்சிமருந்தா, வலி மாத்திரையா, எல்லாம் சேர்ந்தா என்று வாதம் இன்னும் முடியவில்லை. முடியட்டும். ஆனால் ஆய்வாளர்கள் "போதிய நீர் அருந்தாமை" என்று எழுதுகிற இடத்தில் எனக்கு அந்த வரப்பும் குடமும்தான் கண்ணில் வருகிறது. அருந்தாமையாம். யார் ஊற்றவில்லை என்ற கேள்விக்கு அந்தப் படிவத்தில் கட்டமே கிடையாது.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. "ரத்தத்தை வெளிய எடுத்துக் கழுவி உள்ள உடுறாங்க" என்று அண்ணி எல்லாருக்கும் சொல்லிவிட்டார். அதுவே சரியான விளக்கம். முதலில் கழுத்தில் குழாய் வைத்துச் செய்தார்கள். பிறகு இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே சின்ன ஆபரேஷன். தமனியையும் சிரையையும் இணைத்து விடுகிறார்கள். சில வாரத்தில் அந்த நரம்பு பருத்துவிடும். தொட்டுப் பார்த்தால் உள்ளே சர்ரென்று ஓடுகிறது, மோட்டார் ஓடுகிற குழாயில் கை வைத்த மாதிரி. அந்தக் கையால் இனிமேல் பாரம் தூக்கக்கூடாது. கரும்புக் கட்டு தூக்கின கை.

அந்த நரம்பில் தடித்த ஊசி இரண்டு. ஒன்றில் இரத்தம் வெளியே போகும், இன்னொன்றில் உள்ளே வரும். நடுவே உருளையாக ஒரு வடிகட்டி, அதற்குள் முடி போன்ற குழல்கள் ஆயிரக்கணக்கில். குழலுக்குள் இரத்தம், குழலுக்கு வெளியே மருந்து கலந்த சுத்தத் தண்ணி. கழிவு அந்தத் தண்ணிக்குப் போய்விடுகிறது. நான்கு மணி நேரம். அங்கே வேலை செய்கிற டெக்னீஷியன் தம்பி ஒருநாள் எனக்குக் கணக்குச் சொன்னான்: நிமிஷத்துக்கு அரை லிட்டர் தண்ணி ஓடுது சார், நாலு மணி நேரத்துக்கு நூத்திருபது லிட்டர். நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். 120 லிட்டர்தான். நாளெல்லாம் குடிக்க அரை லிட்டர் உள்ள மனுஷனுக்கு மிஷின் ஒரு நிமிஷத்துக்கு அரை லிட்டர் செலவு செய்கிறது. அண்ணனிடம் சொன்னேன். ரொம்ப நேரம் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "எனக்காடா அம்மாந்தண்ணி?" என்றார்.

இந்த மிஷினை முதலில் செய்தவர் வில்லம் கோல்ஃப் என்ற நெதர்லாந்து டாக்டர். 1943இல், ஜெர்மானிய நாஜிகள் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், சாசேஜ் என்கிற கறிப் பண்டத்துக்குச் சுற்றுகிற செலோபேன் உறையை மர உருளையில் சுற்றித்தான் செய்தார். தொடக்கத்தில் வந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் செத்தார்கள். 1945இல்தான் 67 வயசுக் கிழவி ஒருத்தி நினைவு திரும்பி எழுந்தாள். அவள் நாஜிகளோடு சேர்ந்துகொண்டவள் என்று சிறையில் இருந்தவள். ஊரே வெறுத்தவள். அந்த டாக்டர் அதைப் பார்க்கவில்லை. ஆனால் 1962இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் மிஷின் குறைவு, நோயாளிகள் அதிகம் என்று வந்தபோது, யாருக்கு மிஷின், யாருக்குச் சாவு என்று முடிவு பண்ண ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள். வக்கீல், பாதிரியார், பேங்க்காரர், தொழிற்சங்கத் தலைவர், குடும்பப் பெண் என்று. அவர்கள் வருமானம் பார்த்தார்கள், படிப்பு பார்த்தார்கள், கோயிலுக்குப் போகிற ஆளா என்றுகூடப் பார்த்தார்கள். எங்கண்ணன் அங்கே போயிருந்தால் முதல் நாளே கழித்துக் கட்டியிருப்பார்கள். 1972இல் எல்லாருக்கும் அரசு செலவு என்று சட்டம் வந்த பிறகுதான் அந்த நாட்டில் அந்தப் பிரச்சினை தீர்ந்தது.

இங்கே குழு கிடையாது. காப்பீட்டு அட்டை இருக்கிறது, டயாலிசிஸ் இலவசம். இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இது இல்லையென்றால் அண்ணன் 2022லேயே போயிருப்பார். ஆனால் மிஷின் 38 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விடியற்காலை நாலரை பஸ்ஸை விட்டால் ஏழு மணி ஷிப்ட் போச்சு. வாரத்துக்கு மூன்று தடவை. கூட ஒரு ஆள் போக வேண்டும்; அண்ணி போகிறார், அந்த மூன்று நாள் கூலி கிடையாது. எங்கள் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர் வாரத்துக்கு இரண்டு என்று குறைத்தார், பிறகு ஒன்று, பிறகு வரவில்லை. ஏழு பேர் உட்கார்ந்து செய்த வேலையை எங்களுக்குப் பஸ்ஸே செய்துவிடுகிறது.

வீட்டிலேயே வயிற்றில் பை மாட்டிச் செய்கிற டயாலிசிஸும் உண்டு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அந்தப் பைகளை வீட்டுக்கே கொடுக்கிறார்கள். அதற்குச் சுத்தமான ஒரு அறை வேண்டும். எங்கள் தொகுப்பு வீட்டில் மழைக்கு ஒழுகாத இடம் அடுப்பு இருக்கிற மூலைதான். மேலே கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. வந்து பார்த்த நர்சம்மா ஒன்றும் சொல்லாமல் போனார்.

சாப்பாட்டுக் கதையைச் சொல்லாமல் விட முடியாது. இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கீரையை வேகவைத்துத் தண்ணியை வடித்துக் கொட்டணும், கருவாடு கூடவே கூடாது. ஆனால் டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு புரதம் கூடுதலாகச் சாப்பிடணும் என்றார் உணவு ஆலோசகர் அம்மா. பன்னீர், முட்டை வெள்ளை என்று பட்டியல். அண்ணி வெள்ளந்தியாக, "மாட்டுக்கறி குடுக்கலாமாம்மா?" என்று கேட்டார். அந்தம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, "அதெல்லாம் எதுக்கு, முட்டையே போதும்" என்றார். ஆட்டுக்கறி பட்டியலில் இருந்தது. வெளியே வந்ததும் வார்டு நர்ஸ் ஒருவர் அண்ணியை ஓரமாகக் கூப்பிட்டு, "துண்டு சின்னதா வெட்டி, வேகவெச்ச தண்ணிய ஊத்திடுங்கக்கா. உப்பு கம்மி. அளவா குடுங்க" என்று மெதுவாகச் சொன்னார். அந்த நர்ஸ் யார் வீட்டுப் பெண் என்று நாங்கள் கேட்கவில்லை.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

டயாலிசிஸ் என்பது ஓடிக்கொண்டே இருக்கிற ஓட்டம், நின்றால் தீர்ந்தது. மாற்று கிட்னி வைத்தால் மனுஷனாக நடமாடலாம், வேண்டிய மட்டும் தண்ணி குடிக்கலாம் என்றார் டாக்டர். உறவில் யார் கொடுப்பீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, பிரஷர். அண்ணி முதல் ஆளாகக் கையை நீட்டினார். அவர் பி பிரிவு, அண்ணன் ஓ. ஓ பிரிவுக்கு ஓதான் சேரும். வீட்டில் ஓ நான் ஒருத்தன்தான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டம். அண்ணி என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார், பார்த்தால் கேட்ட மாதிரி ஆகிவிடும் என்று. என் மனைவி ஒருநாள் ராத்திரி, "நமக்கு ரெண்டு பொண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள். நான் புத்தகங்களைத் தேடிப் படித்தேன். ஒரு கிட்னியோடு மனுஷன் நன்றாக வாழலாம் என்று இருந்தது. உலகத்தில் முதன்முதலாக வெற்றியடைந்த கிட்னி மாற்று, 1954 டிசம்பரில் பாஸ்டனில் நடந்தது, அண்ணன் தம்பிக்குள்தான். இரட்டைப் பிறவிகள், ஒருவன் கொடுக்க இன்னொருவன் எட்டு வருஷம் வாழ்ந்தான். 1971இல் நம்ம வேலூர் சி.எம்.சி.யிலேயே செய்துவிட்டார்கள். எல்லாம் படித்தேன். மேடையில் ஏறி உடலும் உயிரும் சமூகத்துக்கு என்று பேசுகிறவன் நான். ராத்திரியில் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சரி என்று சொன்னேன். சொல்வதற்கு ஒன்றரை மாசம் எடுத்துக்கொண்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன். பரிசோதனைகள் இரண்டு மாசம் நடந்தன. கடைசியில் என் இரத்த அணுக்களோடு அவருடைய இரத்த நீரைக் கலந்து பார்க்கிற பரிசோதனை. அவருடையது என்னுடையதைக் கொன்றுவிட்டது. வைக்க முடியாது, வைத்தால் உடனே போய்விடும் என்றார்கள். ஆரம்பத்தில் அவருக்கு இரத்தம் ரொம்பக் குறைந்திருந்தபோது ஆறு பாட்டில் ஏற்றினார்கள். அதனால் எதிர்ப்பு உண்டாகியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த ஆறு பாட்டிலுக்கு ஈடாக எங்கள் தெருப் பையன்கள் ஆறு பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இரத்தம் கொடுக்க வைத்தவன் நான்தான். எதிர்ப்பை முறிக்கிற சிகிச்சை இருக்கிறதாம். அதன் செலவைக் கேட்டுவிட்டு எழுந்துவிட்டோம்.

அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர்க்கடையில் ஒரு டீ சொன்னேன். வடை சூடாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன். ருசியாக இருந்தது. இரண்டு மாசமாக எதுவும் அப்படி ருசித்ததில்லை. பாதி வடையில்தான் எனக்கு உறைத்தது, நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று. அண்ணனிடம் போய் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னேன். அவர் என் தோளில் கை வைத்து, "நல்லதாப் போச்சு உடுடா. நீயாவது முழுசா இரு" என்றார். என் வாயில் வடை வாசனை அடித்திருக்கும். அவர் கண்டுகொள்ளவில்லை, அல்லது கண்டும் விட்டுவிட்டார்.

அதே டீக்கடையில் ஒருவர் அண்ணியிடம் பேச்சுக் கொடுத்தார். ஆள் இருக்கு, பேப்பரெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் என்று. யார் என்று கேட்டால், தறி ஓட்டுறவங்க, கடன் தொல்லை, அவங்களா வர்றாங்க என்றார். அண்ணி, "அவனும் கூலிக்காரன்தானே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். எங்களிடம் பணமும் இல்லை. பணம் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. 1994இல் உறுப்பு விற்பனையைத் தடுக்கச் சட்டம் வந்தது. அதற்கு முன்னாலேயே சென்னை வில்லிவாக்கத்தைக் கிட்னிவாக்கம் என்று ஊர் சொல்லத் தொடங்கியிருந்தது. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சென்னையில் கிட்னி விற்ற 305 பேரை விசாரித்திருக்கிறார்கள். 96 சதவீதம் பேர் கடன் அடைக்க விற்றவர்கள். 86 சதவீதம் பேருக்கு உடம்பு மோசமாகியிருந்தது, வருமானமும் குறைந்திருந்தது. முக்கால்வாசிக்குப் பக்கம் பெண்கள். 2025இல் பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரர்கள் கதை வெளியே வந்தபோது அண்ணி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "அன்னிக்கே சொன்னான்ல அந்தாளு" என்றார்.

இப்போது அண்ணன் பெயர் அரசுப் பட்டியலில் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பைப் பதிவு வரிசையில் கொடுக்கிற ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2008இல் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பட்டியலில் காத்திருப்பது என்றால் என்ன என்று அண்ணிதான் சொன்னார்: "எவ பெத்த புள்ளையோ வண்டியில உழணும்னு காத்திருக்கோம்." ஹெல்மெட் போடாமல் போகிற பையனைக் கண்டால் அண்ணி கூப்பிட்டுத் திட்டுவார். திட்டிவிட்டு வந்து பட்டியல் எண்ணைப் பார்ப்பார்.

2024 கார்த்திகையில் ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வந்தது. ஒரு கிட்னி வந்திருக்கிறது, வரிசையில் நீங்கள் மூன்றாவது, முன்னால் உள்ளவர்களுக்குப் பொருந்தாவிட்டால் உங்களுக்கு, எதுவும் சாப்பிடாமல் தண்ணிகூடக் குடிக்காமல் கிளம்பி வாருங்கள் என்று. பக்கத்து வீட்டு வேனில் மூன்று பேரும் சென்னைக்குப் போனோம். வழியெல்லாம் யாரும் பேசவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெண் தரையில் உட்கார்ந்து சுவரில் தலையை முட்டி முட்டி அழுதுகொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் தாயா, வேறு யாருமா, எங்களுக்குத் தெரியாது. அண்ணி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். விடிகிறவரைக்கும் அங்கேயே இருந்தார்.

ஐந்து மணிக்கு வந்து, முதல் ஆளுக்கே பொருந்திவிட்டது, நீங்கள் போகலாம் என்றார்கள். வேன் ராத்திரியே திரும்பிவிட்டது. பஸ் பிடித்துத் திண்டிவனத்தில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் மேஜை மேல் ஜக்கில் தண்ணி இருந்தது, கண்ணாடி டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அண்ணன் உட்கார்ந்து டம்ளரை நிமிர்த்தித் தானே ஊற்றிக்கொண்டார்.

"நேத்து பாட்டில்ல பாதி மிச்சம் இருக்குது இல்ல?" என்றார் அண்ணியிடம்.

"நேத்து கணக்கு நேத்தோட" என்றார் அண்ணி.

அண்ணன் மெதுவாக, மடக்கு மடக்காக, முழு டம்ளரையும் குடித்தார். அண்ணி தடுக்கவில்லை. பையிலிருந்து அன்றைக்கு உண்டான பாட்டிலை எடுத்து, ஒரு டம்ளர் அளவுக்குக் கடைக்கு வெளியே சாய்த்துக் கொட்டிவிட்டு மூடியைத் திருகினார்.